எச்.டி.பி.இ. ஷீட்டில் 6,000 லிட்டர் ஆசிட் டேங்க்: கணக்கிலிருந்து வாட்டர் டெஸ்ட் வரை

எச்.டி.பி.இ. என்ற அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி, வெட்டி, உருட்டி, வெல்ட் செய்து கெமிக்கல் டேங்க் கட்டித் தரும் வேலையில் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை எம்.எம். ஷீட் போடலாம்?" என்றுதான். எந்த முறையில் வெல்ட் செய்யப் போகிறோம் என்று முடிவாகாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே டேங்க்குக்கு ஒரு வெல்டிங் முறையில் 12 மி.மீ. போதும், இன்னொரு முறையில் 22 மி.மீ.கூடப் பற்றாது. அதை எண்களோடு காட்டுவதற்காக ஒரு குறிப்பிட்ட டேங்க்கை எடுத்துக்கொள்வோம். நீர் சுத்திகரிப்பு, சாயப்பட்டறைக் கழிவுநீர் நிலையம், கால்வனைசிங் ஷெட் என்று எங்கும் தேவைப்படும் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கான (எச்.சி.எல்.) டேங்க் அது. உள்விட்டம் 1,800 மி.மீ., ஷெல் (டேங்க்கின் சுற்றுச்சுவர்) உயரம் 2,700 மி.மீ., திரவ மட்டம் அதிகபட்சம் 2,500 மி.மீ. அந்த மட்டத்தில் 6,360 லிட்டர் பிடிக்கும். புழக்கத்துக்கு 6,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கெமிக்கலுக்கு எந்த ஷீட்

33 சதவீத எச்.சி.எல்., 50 சதவீத காஸ்டிக் லை (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்), ஃபெரிக் குளோரைடு, பாஸ்பாரிக் அமிலம், பேட்டரி வீரியத்தில் உள்ள சல்ஃப்யூரிக் அமிலம் ஆகியவற்றுக்கு எச்.டி.பி.இ. பொருந்தும். காஸ்டிக்கைச் சூடாக வைக்க வேண்டுமென்றால் பி.பி. (பாலிபுரொப்பிலீன்) நல்லது, பி.பி. எச்.டி.பி.இ.யைவிடச் சூட்டில் விறைப்பாக நிற்கும். ஆனால் சோடியம் ஹைப்போகுளோரைட், அடர் நைட்ரிக், குரோமிக் அமிலம் போன்ற ஆக்ஸிஜனேற்றிகளுக்குப் பி.பி. ஷீட்டைத் தொடவே கூடாது. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு வெல்ட் ஓரங்களில் மயிரிழை வெடிப்பு வரிசையாக வரும். 98 சதவீத சல்ஃப்யூரிக்குக்கும் பி.பி. வேண்டாம். டொலுவீன், சைலீன் மாதிரியான கரைப்பான்கள் இரண்டு பிளாஸ்டிக்கையும் ஊற வைத்து உப்பச் செய்யும். அத்துடன் நிலைமின்சாரத் தீப்பொறி ஆபத்தும் இருக்கிறது. அவற்றுக்கு இந்த வகை டேங்க்கே கூடாது.

வாங்கும்போது பி.இ. 100 கிரேடு, கறுப்பு நிறம் என்று எழுதிக் கேளுங்கள். வெயிலில் நிற்கும் டேங்க்குக்கு நிறம் அழகுக்காக இல்லை. 2 சதவீதத்துக்குக் குறையாத கார்பன் பிளாக்தான் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கிறது. சாம்பல் நிறப் பி.பி.யை நிழலில்லாமல் நிறுத்தினால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்து நொறுங்கத் தொடங்கும்.

சந்தையில் பெரிய தொல்லை, பழைய பிளாஸ்டிக்கை மறுபடி உருக்கிச் செய்த ரீபிராசஸ் ஷீட். சான்றிதழ் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் இழைப்புளி எடுத்து ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். நல்ல ஷீட்டில் சீவல் அறுபடாமல் நீளச் சுருளாக வரும், இழுத்தால் நீளும். கலப்பட ஷீட்டில் துண்டு துண்டாக உதிரும். வெட்டு முகத்தில் புள்ளிகளும் நுண்துளைகளும் தெரியும். கிலோ விலை சந்தையைவிட வெகுவாகக் குறைந்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.

தடிமன் கணக்கு

33 சதவீத எச்.சி.எல்.லின் ஒப்படர்த்தி 1.16. எனவே 2.5 மீட்டர் ஆழத்தில் அடி அழுத்தம் 1,160 × 9.81 × 2.5, அதாவது 28,450 பாஸ்கல்; சதுர மி.மீ.க்கு 0.0285 நியூட்டன். சிறிய எண்தான். ஆனால் இந்த அழுத்தம் இரவு பகலாக, வருஷக் கணக்கில் நிற்கும். பிளாஸ்டிக்கை உடைப்பது இந்த நாள்பட்ட பளுதான்.

பி.இ. 100 என்ற பெயரின் பொருள், 20 டிகிரி செல்சியஸில் 50 ஆண்டுகள் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் திறன் சதுர மி.மீ.க்கு 10 நியூட்டன் என்பது. நம் ஊர் வெயிலில் ஷெல்லின் சராசரி வெப்பநிலையை 40 டிகிரி என்றுதான் எடுக்க வேண்டும். 40 டிகிரிக்குக் குறைப்புக் காரணி 0.74. ஆக 7.4. பாதுகாப்புக் காரணி 2 என்று வகுத்தால் 3.7. கெமிக்கலின் தாக்கத்துக்கு ஷீட் உற்பத்தியாளரின் அட்டவணையில் ஒரு காரணி இருக்கும், இங்கே 1.3 என்று எடுத்துக்கொண்டால் 2.85 ஆகிறது.

இனி வெல்டிங். தெர்மோபிளாஸ்டிக் டேங்க் கணக்குக்கு உலகெங்கும் பயன்படும் ஜெர்மன் வெல்டிங் சங்கத்தின் டி.வி.எஸ். (DVS) 2205 வழிகாட்டு நெறியில், எச்.டி.பி.இ.க்கும் பி.பி.க்கும் நீண்டகால வெல்டிங் காரணி இப்படி இருக்கிறது: சூடான தகட்டால் செய்யும் பட் வெல்டிங்குக்கு 0.8, பிளாஸ்டிக் ராடை உருக்கிப் பிதுக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூஷன் வெல்டிங்குக்கு 0.6, ஹாட் ஏர் கன்னில் ராட் வைத்துச் செய்யும் வெல்டிங்குக்கு 0.4.

தடிமன் = அழுத்தம் × விட்டம் ÷ (2 × அனுமதிக்கும் விசை). நம் டேங்க்குக்கு அழுத்தம் × விட்டம் 51.2.

ஷெல்லின் செங்குத்து இணைப்புகள் பட் வெல்டிங் என்றால் 2.85 × 0.8 = 2.28, தடிமன் 11.2 மி.மீ. எனவே 12 மி.மீ. ஷீட். அதே இணைப்பை எக்ஸ்ட்ரூடரில் செய்தால் 1.71, தடிமன் 15 மி.மீ. ஹாட் ஏர் கன் என்றால் 1.14, தடிமன் 22.5 மி.மீ., அதாவது கடையில் 25 மி.மீ. ஷீட் தேட வேண்டியிருக்கும்.

பட் வெல்டிங் மெஷின் இல்லாத பட்டறை 12 மி.மீ. ஷீட்டை ஏர் கன்னில் ஒட்டிக் கொடுத்தால் அந்த டேங்க் வாட்டர் டெஸ்டில் தாங்கிவிடும். இரண்டு, மூன்று வருஷம் கழித்து, ஒரு கோடையில், செங்குத்துத் தையல் திறக்கும். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை எம்.எம்.?" இல்லை, "செங்குத்து ஜாயின்ட் எதில் செய்கிறீர்கள்?" என்பது.

ஷீட் கணக்கும் வெட்டும்

3 மீட்டர் பட் வெல்டிங் மெஷின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 × 1,500 மி.மீ. அளவில் 12 மி.மீ. ஷீட் நான்கு வேண்டும். நான்கையும் நெட்டையாக நிறுத்தி, பக்கவாட்டில் இணைத்தால் 6,000 மி.மீ. நீளம் கிடைக்கும். தேவையான நீளத்தை உள்விட்டத்தில் கணக்கிடக் கூடாது, வெளிவிட்டத்திலும் கூடாது. தடிமனின் நடுக்கோட்டில் எடுக்க வேண்டும்: 1,812 × 3.1416 = 5,693 மி.மீ. உயரத்தில் 300 மி.மீ.யும் நீளத்தில் ஏறத்தாழ 300 மி.மீ.யும் மிஞ்சும். இந்தத் துண்டுகளை எடைக்குப் போடாதீர்கள். நாசில் (குழாய் இணைக்கும் வாய்) பேட், கூரை விலா, வெல்டிங் மாதிரி எல்லாம் இதிலிருந்துதான்.

அடித்தட்டுக்கும் கூரைக்கும் 4,000 × 2,000 மி.மீ. ஷீட் ஒன்று, அதுவும் 12 மி.மீ. ஒரு பாதியிலிருந்து 1,900 மி.மீ. வட்டம் அடிக்கு, மறு பாதியிலிருந்து 1,950 மி.மீ. வட்டம் கூரைக்கு. அடித்தட்டில் தையலே இல்லாமல் போவதுதான் இந்தப் பெரிய ஷீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு லாபம். அடியை 20, 25 மி.மீ. என்று தடிக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் நிறைய. கான்கிரீட்டின் மேல் முழுக்கப் படுத்திருக்கும் தட்டுக்கு அந்தத் தடிமன் எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை. ஷெல்லும் அடியும் சேரும் மூலையை விறைப்பாக்கி, அங்கே வளைவு விசையைத்தான் கூட்டுகிறது. ஷெல்லின் தடிமனே அடிக்கும் போதும்.

மெஷின் 1.5 மீட்டர்தான் என்றால் ஷீட்டைப் படுக்கையாக வைத்து இரண்டு அடுக்காகக் கட்டலாம். செங்குத்துத் தையல்கள் பட் வெல்டிங்கில் வரும். இடையில் வரும் 5.7 மீட்டர் வட்டத் தையலை எக்ஸ்ட்ரூடரில் போடலாம். வட்டத் தையலில் விழும் இழுவிசை குறைவு என்பதால் அது ஏற்கத்தக்கது. மேலடுக்கின் செங்குத்துத் தையல் கீழடுக்கின் தையலுக்கு நேராக வராமல் தள்ளி வைக்க வேண்டும்.

அளவு எடுப்பதை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி.பி.இ. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.18 முதல் 0.2 மி.மீ. வரை நீளும். வெயிலில் கிடந்து 20 டிகிரி கூடுதலாகச் சூடேறிய 3 மீட்டர் ஷீட் பத்து மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும். காலையில் வெட்டிய துண்டும் மதியம் வெட்டிய துண்டும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான், வெட்டியவரின் கை இல்லை. நேர்வெட்டுக்குக் கார்பைடு பல் வைத்த சர்க்குலர் சா. வட்டத்துக்கு மையத்தில் ஆணி வைத்துச் சுழலும் ரவுட்டர். பிளேடை மெதுவாகத் தள்ளினால் சீவல் உருகி வெட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வேகமாகவே நகர்த்த வேண்டும்.

பட் வெல்டிங்

எச்.டி.பி.இ.க்குத் தகட்டின் வெப்பநிலை 200 முதல் 220 டிகிரி. டிஸ்ப்ளேயை நம்பாமல், தொட்டு அளக்கும் தெர்மாமீட்டரால் தகட்டின் இரு முனையிலும் நடுவிலும் பாருங்கள். 3 மீட்டர் தகட்டில் ஓரங்கள் குளிர்ந்திருப்பது சாதாரணம்.

ஷீட் ஓரங்களை இழைத்த கையோடு வெல்ட் செய்ய வேண்டும். இழைத்த ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. விரலின் எண்ணெய் பட்ட இடம் ஒட்டாது. இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது.

அழுத்தத்தைக் கணக்கிட்டே வைக்க வேண்டும். எச்.டி.பி.இ.க்குச் சதுர மி.மீ.க்கு 0.15 நியூட்டன், பி.பி.க்கு 0.10. நம் தையலின் பரப்பு 2,700 × 12 = 32,400 சதுர மி.மீ.; தேவையான விசை 4,860 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 495 கிலோ. இந்த அழுத்தத்தில் ஓரங்களைத் தகட்டோடு சேர்த்து, நீளம் முழுக்க 1.5 மி.மீ. உயரத்துக்கு உருகிய விளிம்பு எழும் வரை பிடியுங்கள். பிறகு அழுத்தத்தைச் சுழியத்துக்கு அருகே இறக்கி, சூடு உள்ளே இறங்க விடுங்கள். எச்.டி.பி.இ.யில் தடிமன் மி.மீ.க்குப் பத்து விநாடி, 12 மி.மீ.க்கு 120 விநாடி. இந்தக் கட்டத்தில் அழுத்தம் மிஞ்சியிருந்தால் உருகியதெல்லாம் பக்கவாட்டில் பிதுங்கிவிடும், ஒட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. தகட்டை எடுத்து ஓரங்களைச் சேர்ப்பது எட்டு விநாடிக்குள் முடிய வேண்டும். சேர்ந்த பின் அதே 495 கிலோ அழுத்தத்தில் பதினாறு நிமிஷம் அசையாமல் ஆற விடுங்கள். அவசரத்துக்கு ஈரத்துணி வைத்து ஆற்றுவதும், காற்று ஊதுவதும் தையலுக்குள் இழுவிசையை நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் வேலை.

ஒவ்வொரு தையலும் நீளத்தில் சில மி.மீ.யைச் சாப்பிடும். அது எவ்வளவு என்று மிச்சத் துண்டில் முதலில் ஒரு மாதிரி போட்டு அளந்து, கடைசி ஷீட்டை வெட்டும்போது அந்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மாதிரியைத் தூக்கி எறிய வேண்டாம். 20 மி.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி, தையல் நடுவில் வரும்படி வளைத்துப் பாருங்கள். நல்ல தையல் வளைந்து கொடுக்கும். கண்ணாடி போல் வழவழப்பான முகத்தோடு பட்டென்று பிரிந்தால் அது குளிர் வெல்ட். தகட்டின் சூடு, மாற்று நேரம் இரண்டையும் சரிபார்க்காமல் அடுத்த தையலுக்குப் போகக் கூடாது.

மூன்று தையலும் முடிந்த நீளத் தட்டைக் குளிர்ந்த நிலையிலேயே வளைத்து, மெஷினின் கீழ்க்கையைச் சுற்றிக் கொண்டுவந்து நான்காவது தையலை மூட வேண்டும். 12 மி.மீ. ஷீட் 1.8 மீட்டர் விட்டத்துக்கு வளையும்போது வெளிப்பரப்பில் விழும் நீட்சி 12 ÷ 1,812, அதாவது 0.66 சதவீதம். எச்.டி.பி.இ. இதைத் தாங்கும். பி.பி. ஹோமோபாலிமர் இந்த அளவில் தயங்கும்; அதை அரை சதவீதத்துக்கு மேல் குளிர்வளைவு செய்யாமல் சூடாக்கி உருட்டுவது நல்லது. மூடும் தையலின் இருபுறமும் கிளாம்ப் பிடித்த இடம் தட்டையாக நின்று, ஷெல் பேரிக்காய் வடிவில் வரும். கூட்டல் குறி வடிவ மரச்சட்டம் இரண்டை உள்ளே, மேலும் கீழுமாக அடித்து ஒரு நாள் நிறுத்தி வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடி மூலை

இந்த டேங்க்கில் மிகக் கஷ்டப்படும் இடம் ஷெல்லும் அடித்தட்டும் சேரும் மூலை. திரவம் ஷெல்லை வெளியே தள்ளும். அடித்தட்டு விடாமல் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இந்த ஒரு தையல்.

ஷெல்லின் கீழ் விளிம்பைச் சமமாக இழைத்து, அடித்தட்டில் வட்டம் வரைந்து நிறுத்துங்கள். ஷெல்லின் வெளிவிட்டம் 1,824 என்பதால் சுற்றிலும் 38 மி.மீ. தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் நங்கூரக் கொக்கி பிடிப்பதற்கு அது வேண்டும். ஹாட் ஏர் கன்னில் டேக்கிங் நாசில் மாட்டி, சுற்று முழுக்க விடாமல் டேக் (பிடித்து நிறுத்தும் மெல்லிய முன்வெல்ட்) போடுங்கள். விட்டு விட்டுப் போட்டால் இடைவெளியில் எக்ஸ்ட்ரூடரின் சூடான காற்று நுழைந்து மறுபுறம் புடைக்கும்.

பிறகு எக்ஸ்ட்ரூஷன் வெல்டிங், உள்ளேயும் வெளியேயும். உருகிய பிளாஸ்டிக் 210 முதல் 230 டிகிரி, முன்னால் போகும் சூடான காற்று 250 முதல் 300 டிகிரி. வெல்ட் முக்கோணத்தின் கழுத்துத் தடிமன் ஷீட் தடிமனில் 0.7 பங்கு, அதாவது 8.4 மி.மீ.; கால் நீளம் இரு பக்கமும் 12 மி.மீ. அதற்கேற்ற டெஃப்ளான் ஷூ மாட்ட வேண்டும். ஒரு சுற்றுக்கு 400 கிராமுக்குச் சற்றே குறைவான ராட் செலவாகும். நாசில், கூரை, வீணாவது எல்லாம் சேர்த்து ஐந்து கிலோ ராட் வாங்கினால் தாராளம். ராடும் அதே பி.இ. 100 ஆக இருக்கட்டும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த ராடில் ஈரம் ஏறி, வெல்டுக்குள் குமிழாக வெளிவரும். மூடிய டப்பாவில் வையுங்கள்.

வெல்ட் செய்யும் பரப்பைச் சுரண்டாமல் தொடங்கக் கூடாது. வெளிக்காற்றில் கிடந்த ஷீட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் இருக்கும். ஸ்கிரேப்பரால் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை சீவி எடுத்த சில நிமிஷங்களில் வெல்ட் போக வேண்டும். காலையில் சுற்று முழுக்கச் சுரண்டி வைத்துவிட்டு மதியம் வெல்ட் செய்வது சுரண்டாததற்குச் சமம். எமரி பேப்பர் வேண்டாம். அதன் மணல் துகள் உள்ளே புதைந்துவிடும். ஏற்கனவே டேக் போட்ட முகமும் சுரண்டப்பட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கன்னைச் சூடாக்கிய பின் உள்ளே கருகிக் கிடக்கும் பழைய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளி, பளபளப்பான இழை வரத் தொடங்கியதும் தையலைத் தொடங்குங்கள். வேகத்தைக் கண்ணால் சொல்ல முடியும். ஷூவுக்கு முன்னால் ஷீட்டின் பரப்பு மங்கலிலிருந்து பளபளப்புக்கு மாறியிருக்க வேண்டும். மங்கலாகவே இருக்கும் பரப்பின் மேல் எவ்வளவு பிளாஸ்டிக்கைக் கொட்டினாலும் அது வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கும். சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கே வரும்போது, பழைய தொடக்கத்தைச் சாய்வாகச் சீவி, 50 மி.மீ. அதன் மேல் ஏற்றி முடியுங்கள். கசிவு வருகிற டேங்க்குகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த ஏறுமுனை.

வெல்டிங் நடக்கும்போது ஷெட்டில் மின்விசிறி வேண்டாம். ஆனால் ஷெல்லுக்குள் உட்கார்ந்து வெல்ட் செய்பவருக்குப் புகை வெளியேற வழி வேண்டும். மேலே திறந்திருக்கும்போதே உள் வெல்டை முடித்துவிடுங்கள். உறிஞ்சும் விசிறியின் குழாயை வெல்டுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், வெளியே ஒருவர் காவலுக்கு நிற்கட்டும்.

நாசில்கள்

வெளியேற்றும் நாசிலின் துளை அடித் தையலிலிருந்தும் செங்குத்துத் தையல்களிலிருந்தும் குறைந்தது 100 மி.மீ. தள்ளி இருக்கட்டும். முழுக்க வடிக்க வேண்டும் என்பதற்காக அடியோடு ஒட்டி நாசில் வைக்கச் சொல்வார்கள். மிகக் கஷ்டப்படும் மூலையில் ஓட்டை போடச் சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள். குழாய்த் துண்டு ஷெல்லைத் துளைத்து உள்ளே போக வேண்டும், இரண்டு பக்கமும் வெல்ட் வர வேண்டும், வெளியே துளையைச் சுற்றி மிச்ச ஷீட்டில் வெட்டிய பேட் ஒன்று ஏற வேண்டும். ஃபிளாஞ்சின் பின்வளையம் வெறும் எம்.எஸ். (சாதா இரும்பு) ஆக இருந்தால் எச்.சி.எல். ஆவி தின்றுவிடும்; பி.பி. பூசிய வளையம் போடுங்கள். கேஸ்கெட் ஈ.பி.டி.எம். ரப்பர்.

டேங்க் சூடேறி ஆறும்போது உயரத்தில் மட்டும் 10 மி.மீ.க்கு மேல் அசையும். விறைப்பான குழாயை நேராக ஃபிளாஞ்சில் பூட்டினால் அந்த அசைவெல்லாம் நாசில் வெல்டில் விழும். முதல் வால்வுக்கு அடுத்து ஒரு ரப்பர் பெல்லோஸ் வேண்டும். வால்வுக்குத் தனி தாங்கு சட்டம் வேண்டும்.

கூரை, வென்ட்

1,950 மி.மீ. வட்டத்திலிருந்து 12 டிகிரி கோணத்துக்கு ஒரு ஆப்புத் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்து வெல்ட் செய்தால் ஏறத்தாழ 15 டிகிரி சாய்வுள்ள கூம்பு கிடைக்கும். அதன் அடிவிட்டம் 1,884 மி.மீ. அளவில் வரும், ஷெல்லுக்கு வெளியே 30 மி.மீ. தாழ்வாரம். தட்டைக் கூரையைவிட இது எவ்வளவோ மேல். மழைநீர் தேங்காது, தன் எடையில் தொய்யாது. ஆனாலும் அதன் மேல் ஆள் ஏறக் கூடாது. 500 மி.மீ. மேன்ஹோலை எட்ட வெளியே தனி மேடை கட்டிக் கொடுங்கள்.

இது காற்றழுத்தம் தாங்கும் கலம் இல்லை. வென்ட் (காற்றுப்போக்கு) குழாய் நிரப்பும் குழாயைவிட ஒரு அளவாவது பெரிதாக இருக்க வேண்டும். டேங்கர் லாரி கம்ப்ரசர் காற்றால் தள்ளி இறக்கும் இடமென்றால் இரண்டு மடங்கு விட்டம் வையுங்கள். லாரி காலியாகும் கடைசி நொடியில் குழாய் வழியே ஆசிடுக்குப் பதில் காற்று பாய்ந்து வரும். எச்.சி.எல். ஆவியைப் பிடிக்க வென்ட்டைத் தண்ணீரில் மூழ்க வைக்கும் வழக்கம் உண்டு. 100 மி.மீ. மூழ்கல் என்றால் கூரையை மேலே தள்ளும் விசை 250 கிலோவுக்குச் சற்று மேல். காலி டேங்க்கின் மொத்த எடையே சுமார் 250 கிலோதான்! மூழ்கல் 20, 25 மி.மீ.யைத் தாண்டக் கூடாது; முடிந்தால் ஆவியைக் கழுவிப் பிடிக்கும் ஸ்கிரப்பருக்குக் கொண்டுபோங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. பம்ப் இழுக்கும்போது வென்ட் அடைத்திருந்தால் ஷெல் உள்ளே ஒடுங்கிவிடும். எனவே ஆவி பிடிக்கும் பாத்திரத்தைத் தாண்டி, வெளிக்காற்றை உள்ளே விடும் தனி வழி ஒன்று கட்டாயம்.

நிறுத்துவது

கான்கிரீட் மேடை சமமட்டமாக, கரண்டியால் வழவழப்பாக இழுத்ததாக இருக்கட்டும். ஒரு சல்லிக் கல் போதும், அடித்தட்டில் நிரந்தரமாக ஒரு புடைப்பை ஏற்படுத்த. இடையில் 5 மி.மீ. ரப்பர் ஷீட் விரியுங்கள். மணல் வேண்டாம், மழையில் அரித்துப் போகும்.

காலி டேங்க் காற்றில் சாயும். கோவைப் பகுதிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதற்கே இந்த டேங்க்கைச் சாய்க்கும் திருப்புவிசை, அதன் எடை தரும் எதிர்ப்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. சென்னைக்கு 50 மீட்டர். எனவே நீட்டிக்கொண்டிருக்கும் 38 மி.மீ. விளிம்பைப் பிடிக்க ஆறு கொக்கிகள் போடுங்கள். கொக்கிக்கும் விளிம்புக்கும் மேலே 2 மி.மீ., பக்கவாட்டில் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் வெப்ப விரிவில் விளிம்பே கிழியும். கசிந்தால் பிடிக்கும் சுற்றுக்கட்டுத் தொட்டி, டேங்க் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும், அதன் உள்பூச்சு ஆசிட் தாங்குவதாக இருக்க வேண்டும்.

வாட்டர் டெஸ்ட்

கால், அரை, முக்கால், முழு என்று நிறுத்தி நிறுத்தி நிரப்பி, முழு மட்டத்தில் 48 மணி நேரம் வையுங்கள். அடியிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் ஷெல்லின் சுற்றளவை நிரப்பும் முன்பும் பின்பும் டேப்பால் அளங்கள். ஒரு செ.மீ. அளவில் கூடுவது இயல்பு. முதல் நாளைவிட இரண்டாம் நாள் கூடுவது வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். அதே வேகத்தில் கூடிக்கொண்டே போனால் ஷீட்டைச் சந்தேகியுங்கள்.

இதே அளவு டேங்க்கை 1.52 ஒப்படர்த்தியுள்ள காஸ்டிக் லைக்குக் கட்டினால், தண்ணீர் தருவது உண்மைப் பளுவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. வாட்டர் டெஸ்ட் கசிவைக் காட்டும், பலத்தை நிரூபிக்காது. அப்படிப்பட்ட டேங்க்குக்கு எல்லாத் தையலையும் ஸ்பார்க் டெஸ்டும் (உயர் மின்னழுத்தத் தீப்பொறியால் துளை தேடும் சோதனை) செய்ய வேண்டும். அதற்கு அடி மூலையில் உள் வெல்ட் போடும் முன்பே மின்கடத்தும் மெல்லிய கம்பியைப் பொருத்தியிருக்க வேண்டும். பிறகு நுழைக்க வழியில்லை.

ஓட்டத்தில்

வருஷம் ஒருமுறை காலி செய்து, கழுவி, உள்ளே காற்றைச் சோதித்த பிறகு ஆள் இறங்கி அடி மூலையை டார்ச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கறுப்பு ஷீட்டில் வெடிப்பு நிறத்தால் தெரியாது. நகம் ஓட்டினால் தட்டும். வெடிப்பு கண்ட இடத்தில் மேலே இன்னொரு வெல்ட் ஓட்டி மறைப்பது நிற்காது. ஆசிட் ஊறிய எச்.டி.பி.இ. சூடானதும் ஆவி கக்கிக் குமிழ் போடும். சோடா கரைசலால் நடுநிலையாக்கி, கழுவி, சில நாள் உலர விட்டு, வெடிப்பை அதன் முனைகளையும் தாண்டி ரவுட்டரில் தோண்டி எடுங்கள். பளபளப்பான புதுப் பிளாஸ்டிக் தெரிந்ததும் ஒரு அங்குலம் மட்டும் சோதனை வெல்ட் போடுங்கள். குமிழ் வந்தால் இன்னும் தோண்ட வேண்டும். தடிமனில் பாதியைத் தாண்டியும் குமிழ் நிற்கவில்லை என்றால், அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புது ஷீட் வைக்க வேண்டும்.